ஏரிக்கு ஒரு நாள்: எதை வாங்குவது, எதை இரவல் கேட்பது?

கோடை பிறந்துவிட்டால் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி தண்ணீர் சம்பந்தப்பட்டவைதான். குடும்பத்தோடு ஏரிக்கு ஒரு நாள் போய்வரக் கிளம்புகிறவர்களும், போய்விட்டு வந்து நொந்துகொண்டவர்களும் கேட்டவற்றை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நாங்கள் இருவர், 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் மாமியார். காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதாகத் திட்டம். கடையில் பார்த்தால் ஐஸ் பெட்டி, கூடாரம், மடக்கு நாற்காலி, மிதவை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கையில் இருப்பது அளவான பணம். முதலில் எதை வாங்க வேண்டும்?

பதில்: பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட். அதற்குப் பிறகு பணம் மிஞ்சினால் மற்றதைப் பேசலாம்.

நாற்காலி, கூடாரம், ஐஸ் பெட்டி எல்லாம் வருடம் முழுக்கப் பரண்மேல் கிடக்கிற சாமான்கள். சொந்தத்திலோ அக்கம்பக்கத்திலோ யாராவது ஒருவர் வீட்டில் சும்மா இருக்கும், கேட்டால் தருவார்கள். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் அப்படி வாங்கிவர வேண்டாம். அக்காவுக்குச் சின்னதாகிப்போனது தம்பிக்கு ஆகும் என்ற கணக்கு சட்டைக்குச் சரி. இதில் அளவு தப்பினால் ஜாக்கெட் தண்ணீருக்கு மேலே மிதக்கும், பிள்ளை அதிலிருந்து நழுவிக் கீழே போகும்.

கடையில் வயதைச் சொல்லிக் கேட்காதீர்கள், எடையைச் சொல்லுங்கள். வீட்டிலேயே இருவரையும் எடை பார்த்துவிட்டுப் போவது நல்லது. உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டில் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை என்று இருக்கும். அதே சீட்டில் 50, 100, 150, 275 என்று ஏதாவது ஓர் எண்ணும் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 12402 என்ற பன்னாட்டுத் தரத்தின் படிநிலைகள் இவை. 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரையோ உதவிக்கு ஆளோ பக்கத்திலேயே இருக்கும்போது. மயங்கிக் குப்புறக் கிடப்பவரை அது மல்லாத்திப் போடாது. 100 என்பது அலையில்லாத, கரை சூழ்ந்த நீருக்கு. 150-உம் 275-உம் கடலில் போகிறவர்களுக்கு. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு 100-க்குக் கீழே இறங்காதீர்கள். பிள்ளைகள் அளவில் உண்மையான மிதப்பு விசை எடைக்கேற்பக் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே ‘100’ என்று போட்டுவிட்டு உள்ளே அதைவிடச் சிறிய ஓர் எண்ணையும் பார்த்தால் ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம்.

கடையிலேயே போட்டு, எல்லா வார்களையும் இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் எழும்பிப் பிள்ளையின் வாய், காது வரை வந்துவிட்டால் அது பெரிது. ‘அடுத்த வருடத்துக்கும் ஆகும்’ என்று விற்பனையாளர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சின்னவனுக்குக் கால்களுக்கு நடுவே போகும் பட்டி, தலையைத் தாங்கும் கழுத்துப் பகுதி, பின்கழுத்தில் பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடி, மூன்றும் வேண்டும். நிறம் ஆரஞ்சோ பளிச்சிடும் மஞ்சளோ இருக்கட்டும். ஏரித் தண்ணீர் பச்சையும் கறுப்புமாக இருக்கும், நீல நிற நீச்சலுடை அதில் இரண்டடி ஆழத்திலேயே காணாமல் போகும்.

மாமியாருக்கு நாற்காலி இரவல் வாங்கும்போது உயரத்தைப் பாருங்கள். தரையோடு ஒட்டிய கடற்கரை நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம், எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் வேண்டும். கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியாகக் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்குக் கையில் மாட்டும் காற்று மிதவை வாங்கிவிட்டேன். பெட்டியில் ‘3 முதல் 6 வயது வரை’ என்று இருக்கிறது. இது போதாதா? கூடவே நாலு பேர் உட்காரும் பெரிய மிதவை ஒன்றும் வாங்கலாம் என்று என் தம்பி சொல்கிறான்.

பதில்: பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ‘இது உயிர் காக்கும் சாதனம் இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கத்துப் பெரிய எழுத்து விற்பதற்கு. பின்பக்கத்து வரி, நாளைக்கு வழக்கு வந்தால் காட்டுவதற்கு. கை மிதவை நனைந்த கையிலிருந்து வழுக்கிக் கழன்றுவிடும், சின்ன முள் குத்தினாலும் காற்று போய்விடும். அதைவிட எனக்குப் பயம், பிள்ளை மிதவை மாட்டியிருக்கிறதே என்று பெரியவர்கள் போனை எடுத்துவிடுவதுதான். மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டிக் கூப்பிடுவதும் இல்லை. மகள் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

பெரிய மிதவை காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. கரையிலிருந்து ஏரி நோக்கிக் காற்றடித்தால், நல்ல நீச்சல்காரர்கூட அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. தம்பியிடம் அந்தப் பணத்தை உங்கள் மகளுக்கும் அவருக்கும் ஒரு நீச்சல் வகுப்பில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘5 நாள் வரை ஐஸ் உருகாது’ என்ற விளம்பரத்தை நம்பி, சாதாரணப் பெட்டியைப்போல் நாலு மடங்கு விலை கொடுத்து ஒன்று வாங்கினேன். காலையில் வைத்த ஐஸ் சாயங்காலமே தண்ணீராகிவிட்டது. திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: இப்படிப்பட்ட நாள் கணக்கு பொதுவாக, பெட்டி நிறைய ஐஸை மட்டும் போட்டு, மூடியைத் திறக்காமல் வைத்துப் பார்த்து வருவது. ஏரிக்கரையில் பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள். முதலில் பெட்டியின் மேலும் இணையப் பக்கத்திலும் சோதனை நிலைமை எங்காவது சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். நிபந்தனை எதுவும் இல்லாமல் ‘5 நாள்’ என்று மட்டும் இருந்தால், தவறான விளம்பரம் என்று எழுத்தில் புகார் கொடுக்கலாம். பில்லையும் விளம்பரத்தின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், விளம்பரம் நாளைக்கே மாறிவிடலாம்.

அதற்கு முன் ஒரு சோதனை. இரவே பெட்டிக்குள் கொஞ்சம் ஐஸ் போட்டு மூடிவையுங்கள். வெயிலில் கிடந்த பெட்டியின் சுவரே முதல் ஐஸைத் தின்றுவிடும். காலையில் அதைக் கொட்டிவிட்டு, குளிர்ந்த பொருள்களை மட்டும் அடுக்கி, ஐஸைக் கட்டியாகப் போடுங்கள். ஒரே எடையில் பெரிய கட்டி, துண்டு ஐஸைவிட மெதுவாக உருகும், ஏனென்றால் காற்றுபடும் பரப்பு குறைவு. காலி இடத்தில் துவட்டும் துண்டைத் திணியுங்கள். மூடி ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவி வந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. அப்போது உங்கள் புகார் பொருள் குறைபாடு என்ற வலுவான புகாராகிவிடும்.

உண்மையைச் சொன்னால், ஒரு பகல் போய்வர அந்தப் பெட்டியே தேவையில்லை. குடிதண்ணீர்ப் பாட்டில்களை முக்கால்வாசி நிரப்பி இரவே உறையவைத்தால் அவையே ஐஸ், உருக உருகக் குடிக்கவும் ஆயிற்று. சாதாரணப் பெட்டி இரண்டு போதும்: அடிக்கடி திறக்கும் பானங்களுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. சாப்பாட்டுப் பெட்டி 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். வெளியே எடுத்துவைத்த கெட்டுப்போகக்கூடிய உணவு 2 மணி நேரம் தாங்கும், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். 40 லிட்டர் பெட்டியை நிரப்பினால் 30 கிலோவைத் தொட்டுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கரைவரை அதைத் தூக்கப்போவது விளம்பரத்தில் சிரிக்கும் ஆள் இல்லை.

கேள்வி: சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். 30, 50, 100 என்று விலை ஏறிக்கொண்டே போகிறது. 100 வாங்கினால் ஒருமுறை பூசினாலே நாள் முழுக்கத் தாங்குமா? கொசு விரட்டியும் சேர்ந்தது ஒன்று இருக்கிறது, அது லாபம்தானே?

பதில்: தாங்காது. 30 என்று போட்டிருப்பது சிவக்கவைக்கும் கதிர்களில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98. அதற்கு மேல் போனால் மிஞ்சியிருக்கும் அந்த 2 சதவீதத்துக்குள்தான் விளையாட்டு. எண் எதுவானாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து ஏறித் துவட்டிய பிறகும் மறுபடி பூச வேண்டும். ‘தண்ணீர் தாங்கும்’ என்பதுகூட 40 அல்லது 80 நிமிடக் கணக்குதான்.

ஏமாறுவது எண்ணில் இல்லை, அளவில். பரிசோதனைக்கூடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். வளர்ந்தவர் உடம்பு முழுக்கப் பூச ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லி. வீட்டில் நாம் பூசுவது அதில் பாதிகூட வராது, எனவே கிடைக்கும் பாதுகாப்பும் அட்டையில் உள்ள அளவு வராது. ஆகவே விலை உயர்ந்த சின்னக் குப்பியைவிட, தோலின் ஆழம்வரை போகும் யு.வி.ஏ. கதிரையும் தடுப்பதாகக் குறித்துள்ள 30 அல்லது 50 எண்ணில் பெரிய குப்பி வாங்கித் தாராளமாகப் பூசுங்கள். போன வருடம் காருக்குள் வெயிலில் வெந்த குப்பியைத் தூக்கிப் போட்டுவிடலாம். பிள்ளைகளுக்கு யு.பி.எஃப். (துணி வெயிலைத் தடுக்கும் அளவு) 50 என்று குறித்த முழுக்கை நீச்சல் சட்டை எடுத்துவிட்டால் முகம், கழுத்து, புறங்கை, கால் மட்டும்தான் பாக்கி. இரண்டு கோடை உழைத்தாலே குப்பிச் செலவில் அந்தப் பணம் திரும்பிவிடும்.

இரண்டும் ஒன்றில் வேண்டாம். சன்ஸ்கிரீனை அடிக்கடி பூசியாக வேண்டும், கொசு விரட்டியை அப்படிப் பூசக் கூடாது. தனித்தனியாக வாங்கி, சன்ஸ்கிரீனை முதலிலும் விரட்டியைப் பிறகும் பூசுங்கள். டீட் என்ற ரசாயனம் கலந்த விரட்டியாக இருந்தால் கையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைத் தொடுங்கள். அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். என் கறுப்புக் கண்ணாடியின் சட்டத்தில் இன்னும் என் கட்டைவிரல் ரேகை இருக்கிறது.

கேள்வி: ஏரியில் படம் எடுத்தபோது போன் தண்ணீரில் விழுந்தது, உடனே எடுத்துவிட்டேன். ஐ.பி.68 தரம் என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது ‘உள்ளே ஈரம் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது’ என்கிறார்கள்.

பதில்: ஐ.பி. என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு. கடைசி எண் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான, தயாரிப்பாளரே சொல்லும் ஆழமும் நேரமும். இரண்டுமே புதுப் போனை, சலனமில்லாத சுத்தமான தண்ணீரில் வைத்துப் பார்த்தவை. கீழே விழுந்த போன், திரை மாற்றிய போன், இரண்டு வருடம் பழகிய போன் இவற்றின் ரப்பர் அடைப்புக்கு அந்த உறுதி பொருந்தாது. ஈரம் புகுந்தால் வாரண்டி இல்லை என்ற விதியும் நிபந்தனைகளில் பெரும்பாலும் இருக்கும்.

ஆனாலும் விட்டுவிட வேண்டாம். விளம்பரத்தில் நீச்சல் குளத்துக்குள் போனைக் காட்டிவிட்டு, வாரண்டியில் ஈரத்தை விலக்குவது எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை. 2020-இல் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் இதே விஷயத்தில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. 2022-இல் ஆஸ்திரேலியாவின் ஃபெடரல் நீதிமன்றம், நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்பதுபோல் விளம்பரம் செய்ததற்காக சாம்சங்கின் அங்குள்ள நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் விதித்தது. உங்களை வாங்கத் தூண்டிய விளம்பரம் எது என்று தேடிப் பிடித்து, அதை முன்வைத்து எழுதுங்கள். அடுத்த முறைக்கு, வாய் மடித்து மூடும் பை ஒன்று போதும். போனை வைப்பதற்கு முன் உலர்ந்த காகிதத்தை வைத்து வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிப் பாருங்கள். கரையிலேயே வாங்கிய பையை அவசரத்தில் அப்படிப் பார்க்காமல் விட்டவள் நான்.

கேள்வி: கூரை போட்ட மேசையும் பெடல் படகும் முன்பணம் கட்டிப் பதிவு செய்தோம். போய்ப் பார்த்தால் ‘நீலப்பச்சைப் பாசி, தண்ணீரில் இறங்கத் தடை’ என்று பலகை. பணம் திரும்பாது என்கிறார்கள்.

பதில்: மேசையைப் பயன்படுத்தியிருந்தால் அந்தப் பணத்தைக் கேட்க முடியாது. படகு ஓடாமல் நிறுத்தியிருந்தால், தராத சேவைக்கான பணத்தைக் கேளுங்கள், அட்டையில் கட்டியிருந்தால் வங்கி மூலமாகவும் முயலலாம். படகு ஓடி, குளிக்க மட்டும் தடை என்றால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான்.

தடை போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெயில் ஏறி, தண்ணீர் அசையாமல், வயல் உரம் கலந்து கிடக்கும்போது இந்தப் பாசி பெருகும். பச்சைப் பெயின்டைக் கொட்டியதுபோல் ஏடு படர்ந்திருக்கும். அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. நக்கிக் குடிக்கும் நாய்கள் செத்தே போயிருக்கின்றன. கோடைக் கடைசியில் பதிவு செய்கிறவர்கள், இறங்கத் தடை வந்தால் தேதி மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, பிள்ளைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். படகு கைக்கு வந்ததும் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படம் எடுத்த பிறகே ஏறுங்கள்.

கேள்வி: தூக்கிப் போட்டால் தானே விரியும் கூடாரம் வாங்கினேன். விரிந்தது. மடிக்க முடியவில்லை. விரித்தபடியே வண்டி மேல் கட்டிக்கொண்டு வந்தோம். குறையுள்ள பொருள் என்று திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: மடிக்க வராதது குறைபாட்டில் சேராது. விளக்கத்தாள் இல்லாமலோ, படிக்கவே முடியாதபடியோ வந்திருந்தால் அதை ஒரு காரணமாகச் சொல்லிப் பார்க்கலாம். அதற்கு முன் இரண்டு விளிம்பையும் சேர்த்துத் தட்டையாக்கி, ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மேல் முனையை வளைத்துக் கீழே கொண்டுவாருங்கள். கம்பி எட்டு வடிவில் முறுக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமாக விழும். பலத்தால் அமுக்கினால் மட்டும் நடக்காது. வண்டி மேல் வந்த பயணத்தில் கம்பி வளைந்திருந்தால் அந்தக் கணக்கு உங்களுடையது, கடைக்காரருடையது இல்லை.