பூட் செக்டரில் ஒளிந்திருந்த வைரஸ்கள்: வாசகர் கேள்வி–பதில்

கே: பரணில் அப்பாவின் பழைய பிளாப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாம் கடிதமும் கணக்கும்தான், ஒரு புரோகிராம்கூடக் கிடையாது. அவற்றில் வைரஸ் இருக்குமா?

ப: தாராளமாக இருக்கலாம். அன்று பலர் ஏமாந்த இடமே இதுதான். அன்றைய இயங்குதளமான டாஸில் ஃபார்மட் செய்த எந்தப் பிளாப்பியிலும் முதல் 512 பைட் பூட் செக்டர். அதில் எப்போதும் ஒரு குட்டி நிரல் உண்டு. பிளாப்பியை டிரைவிலேயே மறந்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால் முதலில் ஓடுவது அந்த நிரல்தான். 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்று திரையில் வரும், நாம் பிளாப்பியை உருவிவிட்டு ஒரு கீயைத் தட்டுவோம். அதற்குள் வைரஸ் ஓடி முடித்திருக்கும். 1987இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் தோன்றிய ஸ்டோன்டு வைரஸ் இப்படித்தான் ஹார்ட் டிஸ்க்குக்குத் தாவியது.

இன்றைய கம்ப்யூட்டர் முழுதாக ஓட ஆரம்பித்த பிறகு பிளாப்பியைப் போட்டுப் படித்தால் பூட் செக்டர் நிரல் ஓடாது. இருந்தாலும் எழுதும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள். 5.25 அங்குலப் பிளாப்பியில் ஓரத்து வெட்டை ஒட்டி மூட வேண்டும். பல டிரைவ்கள் ஒளியை வைத்து அந்த வெட்டைப் பார்ப்பதால் கண்ணாடி டேப் பயன்படாது, ஒளி புகாத ஸ்டிக்கர் வேண்டும். 3.5 அங்குலத்தில் நேர்மாறு: துளை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு.

கே: வைரஸ் தேடும் முன் சுத்தமான பிளாப்பியிலிருந்து பூட் செய்யச் சொன்னார்களே, ஏன்?

ப: மெமரியில் இருக்கும் வைரஸ் ஸ்கேனரிடமே பொய் சொல்லும். 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் ஃபரூக் ஆல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸிலேயே இந்தத் தந்திரம் இருந்தது. 360 கேபி பிளாப்பியில் மூன்று கிளஸ்டர்களை, அதாவது சேமிப்பு இடத் துண்டுகளை, பழுதானவை என்று குறித்து, உண்மையான பூட் செக்டரை அங்கே ஒளித்து வைக்கும். யாராவது பூட் செக்டரைப் படிக்கக் கேட்டால் அந்த அசலை எடுத்து நீட்டும். ஸ்கேனருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

அதனால் மின்சாரத்தையே நிறுத்திவிட்டு மறுபடி போட வேண்டும். 1990இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ஜோஷி வைரஸ், கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்தினாலும் மெமரியை விட்டு இறங்காது.

சந்தேகம் வந்தால் டாஸின் செக்டிஸ்க் கட்டளை காட்டும் மொத்த மெமரியைப் பாருங்கள். 640 கேபி மெஷினில் 655360 பைட் இருக்க வேண்டும். ஸ்டோன்டு 2 கேபி பிடிப்பதால் 653312 ஆகும். பிரெய்ன் 7 கேபி, ஆகவே 648192. 654336 என்றால் பதற வேண்டாம். கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸ், சில மெஷின்களில் தன் தேவைக்கே 1 கேபி எடுத்துக்கொள்ளும்.

கே: விலைக்கு வந்த முதல் ஆன்டிவைரஸ் எது?

ப: ஒன்றைச் சுட்டுவது நியாயமில்லை. 1987இல் ஜெர்மனியின் ஜி டேட்டா நிறுவனம் அட்டாரி எஸ்டி என்ற கம்ப்யூட்டருக்கு ஒன்றை வெளியிட்டது. அமெரிக்காவில் ஜான் மெக்காஃபி நிறுவனம் தொடங்கினார். செக்கோஸ்லோவாக்கியாவில் வியன்னா வைரஸைக் கண்ட இருவர் நோட் (NOD) என்ற ஆன்டிவைரஸை எழுதினார்கள். அன்றைய ஸ்கேனர்களின் அடிப்படை வேலை ஒன்றுதான்: வைரஸுக்கே உரிய பைட் வரிசையைக் கோப்புகளில் தேடுவது. 1990இல் மார்க் வாஷ்பர்ன் எழுதிய '1260' என்ற வைரஸ் வந்ததும் இந்த வழி சறுக்கியது. நகலுக்கு நகல் உருமாறும் வைரஸில் தேடிப் பிடிக்க நிலையான வரிசையே கிடையாது.

கே: பழைய 486 கம்ப்யூட்டரில் பூட் வைரஸ் இருக்கிறது. 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' கட்டளை போதுமா?

ப: அவசரப்படாதீர்கள். அது ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டரில் உள்ள பூட் நிரலைப் புதிதாக எழுதும் கட்டளை. எழுத முடியாதபடி அடைத்த சுத்தமான டாஸ் 5 அல்லது அதற்குப் பிந்தைய பிளாப்பியில் பூட் செய்து, முதலில் சி டிரைவின் பட்டியலைக் கேளுங்கள். கோப்புகள் தெரிந்தால், ஸ்டோன்டு போன்றவற்றுக்கு அந்தக் கட்டளை போதும்.

'தவறான டிரைவ்' என்று வந்தால் நிறுத்திவிடுங்கள். மங்கி வைரஸாக இருக்கலாம். அது, ஹார்ட் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையை முதல் செக்டரில் விட்டுவைக்காது. அசல் செக்டரைக் குறியாக்கி மூன்றாம் செக்டரில் வைத்துக்கொண்டு, கேட்கும்போது தானே அவிழ்த்துக் காட்டும். வைரஸை அழித்தால் காட்டுவதற்கு ஆளில்லாமல் சி டிரைவே காணாமல் போகும். ஏற்கெனவே கட்டளையை ஓட்டிவிட்டீர்களா? ஃபார்மட் மட்டும் செய்யாதீர்கள். மூன்றாம் செக்டரில் அந்த நகல் இன்னும் இருக்கும், கோப்புகளும் அப்படியே இருக்கும். அதை அவிழ்த்து முதல் செக்டரில் திரும்ப எழுதினால் டிரைவ் வந்துவிடும்.