நாற்பதாயிரமாம் ஆண்டின் பொம்மைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அறிவியல் புனைகதைகளைப் பற்றிய உங்கள் கட்டுரை ஒன்றில் 'வார்ஹேமர் 40,000' என்ற மேசைப் போர் விளையாட்டை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து போயிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இங்கிலாந்தில், டேர்பியில் வசிக்கிறோம். எனது பதினைந்து வயது மகன் மூன்று வருடங்களாகத் தன் கைச்செலவுக் காசு முழுவதையும் இந்தப் பிளாஸ்டிக் வீரர்களிலேயே போடுகிறான். செலவைப் பற்றி நான் எழுதவில்லை. அந்த வீரர்களின் மார்பில் கழுகும் கவசம் எங்கும் மண்டையோடுகளும் இருக்கின்றன. இவர்கள் யார் என்று கேட்டேன். மாற்றுக் கருத்துடையவர்களை உயிரோடு எரிக்கிற ஒரு பேரரசின் படை என்று மிகச் சாதாரணமாகச் சொன்னான். நானும் மனைவியும் யாழ்ப்பாணத்தில் போருக்குள் வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஷெல் எவ்வளவு தூரம் போகும் என்று மகன் அளவு நாடா பிடித்து அளக்கிறபோது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

இது போரைக் கொண்டாடுவதுதானா? படித்த மனிதர் ஒருவர் இதில் எதைக் காண்கிறார்? சில நாட்களாக என்னையும் ஆட வரச்சொல்லி அழைக்கிறான். போவதென்றால் எந்தப் படையை எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

ஒரு வரியோடு நான் நிறுத்திக்கொண்டதற்குக் கூச்சம்தான் காரணம். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் மாலை வேளைகளில், கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் பொம்மையின் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டிருப்பதைப் பொதுவில் ஒப்புக்கொள்வது நம் சூழலில் அத்தனை எளிதன்று. எட்டு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். ஆட்டத்தில் பெரும்பாலும் தோற்பவன். ஷெல் வீச்சைப் பற்றி உங்களிடம் பேச எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. பொம்மைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மகன் அந்த மேஜையில் உண்மையில் என்ன செய்கிறான் என்பதிலிருந்து தொடங்கலாம். ஆடுவது இதில் சிறு பகுதி. பெட்டியைத் திறந்தால் உள்ளே வீரர்கள் இருக்கமாட்டார்கள். பிளாஸ்டிக் சட்டங்களில் கைகளும் கால்களும் தலைகளும் தனித்தனியே தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மிஞ்சியிருக்கும் மெல்லிய கோட்டைக் கத்தியால் சுரண்டி, பிளாஸ்டிக்கையே இளக்கிப் பிணைக்கும் பசையால் ஒட்டி, பிரைமர் அடித்து, அடிவண்ணம் பூசி, பள்ளங்களில் தேங்கி நிழலாகக் காயும் 'வாஷ்' என்ற நீர்த்த வண்ணத்தை ஓடவிட்டு, பிறகு ஏறக்குறைய உலர்ந்த பிரஷால் மேடுகளை மட்டும் வருடி ஒளியேற்ற வேண்டும். 'நல்ன் ஆயில்' என்றொரு கருநிற வாஷ் உண்டு. என்னைப் போன்றவர் தீட்டியதையும் தேர்ந்தவர் கைவேலைபோலக் காட்டிவிடும் என்பதால், அது குப்பியில் அடைத்த திறமை என்று கேலியாகச் சொல்வார்கள். பத்துப் பேர் கொண்ட ஓர் அணியை முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆகிறது. வாங்கிவைத்துத் தீட்டாமல் கிடப்பவற்றுக்கு ஆட்டக்காரர்கள் 'வெட்கக் குவியல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தகக் கண்காட்சிக்குப் போய்வரும் பழக்கமுள்ள நம்மவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

போரைச் சிறிதாக்கி மேஜையில் ஆடுவது பழைய வழக்கம். பிரஷ்ய இராணுவம் 1824-லேயே வரைபடமும் பகடையும் கொண்ட ஒரு போர் ஆட்டத்தைத் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. பொம்மைப் படைவீரர்களைக் கொண்டு வீட்டில் ஆடுவதற்கான விதிகளை 1913-இல் ஒரு நூலாகவே வெளியிட்டவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸ். இந்தச் சிறு போரைச் சில முறை ஆடிப் பார்த்தவருக்கு மெய்யான பெரும்போர் எவ்வளவு தாறுமாறான மடமை என்பது விளங்கிவிடும் என்று அவர் அதில் வாதிட்டார். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் வந்தது. வெல்ஸின் நம்பிக்கை எனக்கு இல்லை. பொம்மைப் போர் ஆடியதால் சாந்தமானவரையும் நான் கண்டதில்லை, கொடியவரானவரையும் கண்டதில்லை.

வார்ஹேமரை வெளியிடும் கேம்ஸ் வொர்க்ஷாப்பின் தலைமையகம் உங்களுக்குப் பக்கத்து நகரமான நாட்டிங்ஹாமில் இருக்கிறது. 1975-இல் லண்டனில் மூன்று நண்பர்கள் மரத்தாலான ஆட்டப் பலகைகளைச் செய்து விற்கத் தொடங்கியதுதான் அந்நிறுவனம். 2024 டிசம்பரில் அது லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களில் ஒன்றாயிற்று. செலவைப் பற்றி எழுதவில்லை என்கிறீர்கள். அந்த உயரத்தில் உங்கள் மகனின் கைச்செலவுக் காசும் கொஞ்சம் இருக்கிறது.

வாளும் மந்திரமும் கொண்ட முதல் வார்ஹேமர் 1983-இல் வந்தது. அதை விண்வெளிக்கும் எதிர்காலத்துக்கும் எடுத்துச் சென்ற வார்ஹேமர் 40,000-ஐ 1987-இல் எழுதியவர் ரிக் பிரீஸ்ட்லி. அவர் படைத்த இம்பீரியம் என்ற மனிதப் பேரரசில் பத்து இலட்சம் உலகங்கள் உண்டு. அதன் பேரரசன் பத்தாயிரம் ஆண்டுகளாக ஓர் இயந்திர அரியணையில் பிணத்தினும் சற்றே மேலான நிலையில் கிடக்கிறான். அவனை அணையாமல் வைத்திருக்க நாள்தோறும் ஆயிரம் பேர் பலியிடப்படுகிறார்கள். அறிவியல் அங்கே மறக்கப்பட்டுச் சடங்காகிவிட்டது; இயந்திரத்தை இயக்குபவர்கள் அதற்குத் தூபம் காட்டி மந்திரம் ஓதுகிறார்கள். பகுத்தறிவை வணங்கிய பேரரசனையே கடவுளாக்கி, அவனை வணங்காதவரை எரிக்கிறார்கள். இதை எழுதியவர் கொண்டாட எழுதவில்லை என்பது வெளிப்படை. முரண்நகையாகவே அதை எண்ணியதாகப் பிரீஸ்ட்லியும் பின்னாளைய பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த எள்ளல் கதையில் மட்டுமின்றிப் பகடைக் கணக்கிலும் இருக்கிறது என்பதே எனக்கு இதில் பிடித்தது. 2023-இல் வந்த பத்தாம் பதிப்பின் விதிகளைப் பாருங்கள். ஒரு சாதாரண மனிதக் காலாள் தன் துப்பாக்கியால், உங்கள் மகன் தீட்டும் கவச வீரனான ஸ்பேஸ் மரீனைச் சுடுகிறான் என்று கொள்வோம். குறி தப்பாமலிருக்கப் பகடையில் நான்கோ அதற்கு மேலோ விழ வேண்டும். பட்ட குண்டு காயப்படுத்த ஐந்தோ ஆறோ வேண்டும். அதன் பிறகும் மரீன் மூன்றோ அதற்கு மேலோ போட்டால் கவசம் அவனைக் காத்துவிடும். பெருக்கிப் பார்த்தால் பதினெட்டுக் குண்டுகளுக்கு ஒரு காயம். மரீன் சாய இரண்டு காயம் வேண்டும். மரீன் தன் பழைய போல்ட்டர் துப்பாக்கியால் திருப்பிச் சுட்டாலோ, ஏறத்தாழப் பத்துக் குண்டுக்கு மூன்று மனிதர்கள் விழுவார்கள். உயிர் மலிந்த பேரரசில் ஒரு மனிதனின் மதிப்பு என்ன என்பதை எந்த வசனமும் இல்லாமல் இந்தப் பின்னங்கள் சொல்லிவிடுகின்றன. முந்தைய பதிப்புகளில், அஞ்சி ஓட முற்படும் அணியில் ஒருவனை, அவர்களைக் கண்காணிக்கும் அதிகாரியான கமிஸாரே சுட்டுக்கொன்றால் மற்றவர்கள் ஓடாமல் நிற்பார்கள் என்ற விதிகூட இருந்தது. அதை ஆடும்போது எல்லாரும் சிரிப்போம். உங்கள் முன்னால் சிரித்திருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அப்படியானால் இது வெறும் அங்கதம், கவலையை விடுங்கள் என்று முடித்துவிடலாமா? முடியாது. 2021 நவம்பரில், ஸ்பெயினில் ஒரு போட்டிக்கு நாஜிச் சின்னம் அணிந்து ஒருவர் ஆட வந்ததால் எழுந்த சர்ச்சையை அடுத்து, இம்பீரியம் ஓர் அங்கதமே என்றும், வெறுப்புச் சின்னங்களோடு வருபவர்களுக்குத் தங்கள் கடைகளிலும் நிகழ்ச்சிகளிலும் இடமில்லை என்றும் அந்நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. அறிக்கை சரியானது. ஆனால் அதே நிறுவனத்தின் பெட்டி அட்டைகளில், மாலைச் சூரியன் பின்னணியில், காவிய நாயகனாக நிற்பவன் அந்தப் பேரரசின் வீரன்தான்.

இங்கேதான் முன்பு சொன்ன அந்த மூன்று வார உழைப்பு வருகிறது. நூலில் படிக்கும் கொடுங்கோலனை நாம் எட்ட நின்று பார்க்கிறோம். கையால் ஒட்டி, கவசத்தின் ஒவ்வொரு விளிம்புக்கும் மூச்சை அடக்கிக் கோடு வரைந்து, கண் வைத்த ஓர் உருவத்தை அப்படிப் பார்க்க முடிவதில்லை. அவனுக்குப் பெயர் வைத்துவிடுகிறோம். அவன் விழுந்தால் வருந்துகிறோம். எள்ளலுக்குத் தேவையான தூரத்தைத் தூரிகை அழித்துவிடுகிறது. ஆட்டக்காரர்களுக்கு அங்கதம் புரியவில்லை என்று குறைசொல்பவர்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை. புரிந்தவர்களுக்கும் இதுவே நேர்கிறது, எனக்கும் நேர்ந்திருக்கிறது.

பொம்மையே கதையுலகத்தை உருவாக்குவது இந்த ஆட்டத்தில் புதிதன்று என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 1988-இல் இதே உலகில் ராட்சத இயந்திரங்கள் மோதும் அடெப்டஸ் டைட்டானிகஸ் என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் வார்ப்புக்கான எஃகு அச்சு மிகுந்த செலவு பிடிப்பது. ஒரே வகை இயந்திரத்துக்குத்தான் பணம் இருந்தது. இரு தரப்பிடமும் ஒரே இயந்திரம் இருக்க வேண்டுமென்றால் அது உள்நாட்டுப் போராகத்தானே இருக்க முடியும்? பேரரசனின் அன்புக்குரிய தளபதி ஹோரஸ் அவனுக்கெதிராகக் கிளர்ந்த கதை அப்படி முளைத்தது. 2006-இல் தொடங்கிய அந்தக் கதையின் நாவல் வரிசை ஐம்பது நூல்களைத் தாண்டிவிட்டது. துரோகமும் பாசமும் கலந்த ஒரு பெருங்கதைக்கு மூலம் அச்சுக்கூலி!

ஆக, மண்டையோடும் கழுகும் என்னை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபின் வேறொன்று தொந்தரவு செய்கிறது. களத்தை அலங்கரிக்க இடிந்த கட்டடங்களைப் பெட்டிகளில் விற்கிறார்கள். கூரை பிய்ந்த வீடு, பாதி நிற்கும் சுவர், வெற்றுச் சன்னல். பல ஆண்டுகளாக அவற்றுக்குச் சாம்பல் நிறம் பூசிவரும் எனக்கு, அவற்றில் யார் குடியிருந்தார்கள் என்று ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. மேஜையில் நிற்கும் ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு. இரு தரப்பும் வழக்கமாக இரண்டாயிரம் புள்ளிக்குப் படை சேர்த்து, சமமாக எதிரெதிரே நின்று, ஐந்து சுற்றுகள் ஆடிக் கைகுலுக்குகிறோம். புள்ளி மதிப்பில்லாதவர் மேஜைக்கு வர வழியில்லை. சுரங்கத் தொழிலாளர்களின் உடையில்கூட ஒரு படை உண்டு, ஆனால் அவர்கள் கையிலும் ஆயுதம் இருக்கிறது. பதுங்குகுழியில் பிள்ளையை அணைத்துக்கொண்டிருந்தவரைக் கணக்கில் எடுக்க இந்த ஆட்டத்தில் விதி கிடையாது. இரு தரப்பும் சமமாக, முன்கூட்டியே பேசி வைத்த நேரத்தில் முடிகிற போர் என்பதுதான், பேய்களும் வேற்றுக்கிரகத்தாரும் நிறைந்த இந்த உலகத்தின் மிகப் பெரிய கற்பனை. எழுந்து வெளியே போகிற நீங்கள் அந்தக் காலி வீடுகளைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

இதை உங்கள் மகனிடம் சொல்ல வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். பதினைந்து வயதுப் பிள்ளை, தகப்பன் எழுந்து போவதைக் கவனித்துத்தான் இருப்பான். அவன் ஆட அழைப்பது அதனால்தானோ என்றும் எனக்கு ஓர் ஐயம்.

போவதென்றால் ஓர்க்குகளை எடுங்கள். காளான்போல வித்திலிருந்து முளைக்கும் பச்சை முரடர்கள். லண்டன் கால்பந்து மைதான ரௌடிகளின் மொழியில் பேசுவார்கள். யாருக்கும் எந்தக் கொள்கையும் இல்லாததால் எதையும் கொண்டாட வேண்டிய இக்கட்டும் இல்லை. சிவப்பு வண்ணம் அடித்தால் வண்டி வேகமாக ஓடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை; பழைய விதிகளில் சிவப்பு வண்டிக்கு உண்மையிலேயே ஓர் அங்குலம் கூடுதலாகக் கொடுத்தார்கள். வண்ணம் ஒழுகினாலும் அவர்களுக்கு அழகுதான், எனவே உங்கள் முதல் பத்துப் பேரைப் பார்த்து யாரும் குறைசொல்ல முடியாது. வண்டிகளை விலைகொடுத்து வாங்காமல் வீட்டுக் குப்பையிலிருந்தே செய்துகொள்ளலாம். டியோடரன்ட் குப்பியிலிருந்து மிதக்கும் டாங்கி செய்வது எப்படி என்று இந்நிறுவனத்தின் 'ஒயிட் டுவார்ஃப்' பத்திரிகையே 1980களில் படம்போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. என்னுடைய ஓர்க் லாரியின் சக்கரங்கள் இருமல் மருந்துப் புட்டியின் மூடிகள்.

தேநீர்க் கோப்பையையும் பிரஷ் கழுவும் கோப்பையையும் மேசையின் இரு வேறு மூலைகளில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதுவரை இரண்டு முறை மாற்றிக் குடித்திருக்கிறேன்.