ஜெர்மன் படிக்க ஆங்கிலம் வேண்டுமா? – கடிதம்

வணக்கம்.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. ஜெர்மன் படிக்க ஆசை, ஆனால் வகுப்பு நேரம் எதுவும் வேலைக்கு ஒத்து வரவில்லை. நான்கு மாதமாக மொபைல் ஆப்பில் படிக்கிறேன். நிறைய வார்த்தைகளைப் பார்த்தால் அர்த்தம் தெரிகிறது. 'நாளைக்கு நான் வரவில்லை' என்று சொல்லச் சொன்னால் வாயில் வரவில்லை. பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் டேர், டீ, டாஸ் ஒரே குழப்பம். வீட்டில் இருந்தபடியே படித்து, ஏ1 என்ற தொடக்கநிலைத் தேர்வை எழுதிவிட முடியுமா? என் ஆங்கிலம் சுமார்தான். அதனால்தான் ஜெர்மனும் வரமாட்டேன் என்கிறதா?

தேவி

அன்புள்ள தேவி,

ஆங்கிலம் சுமாராக இருப்பது தடையே இல்லை. சொல்லப்போனால், ஆங்கிலத்தை இடையில் வைத்துக்கொண்டு படித்தால் ஜெர்மன் வாக்கிய அமைப்பில் தடுமாற வாய்ப்பு உண்டு. உங்களிடம் தமிழ் இருக்கிறது. அதை வைத்தே படியுங்கள்.

'இன்று நான் தாம்பரம் போக வேண்டும்' என்பதற்கு ஜெர்மனில் 'இஹ் முஸ் ஹொய்டெ நாஹ் தாம்பரம் ஃபாரென்'. (தமிழ் எழுத்தில் நான் தரும் உச்சரிப்பெல்லாம் தோராயம்தான். ஒலிப்பதிவைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.) இதில் 'முஸ்' என்பது 'வேண்டும்'. அதை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்: நான், இன்று, தாம்பரத்துக்கு, போக. அப்படியே தமிழ் வரிசை. காலம் முன்னால், இடம் பின்னால், வினை கடைசியில். ஆங்கிலம் வழியாகப் போனால் இதை ஒவ்வொரு முறையும் புரட்டிப் போட வேண்டியிருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இதுபோலச் செய்தி சொல்லும் சாதாரண வாக்கியத்தில், ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் வினை இரண்டாவது இடத்தில் நிற்கும். 'ஹொய்டெ'யை முன்னால் கொண்டுவந்தால் 'ஹொய்டெ முஸ் இஹ்' என்று வர வேண்டும். 'ஹொய்டெ இஹ் முஸ்' என்பது பிழை. நீங்கள் கேட்ட வாக்கியமும் இதே கணக்குதான்: 'மோர்கென் கொம்மெ இஹ் நிஹ்ட்'.

வேற்றுமையிலும் தமிழ் கைகொடுக்கும். எனக்குக் குளிருது: 'மீர் இஸ்ட் கல்ட்'. எனக்குத் தலை வலிக்குது: 'மீர் டூட் டேர் கொப்ஃப் வே'. எனக்குப் பிடிச்சிருக்கு: 'டாஸ் கெஃபெல்ட் மீர்'. இந்த 'மீர்' நம் 'எனக்கு'தான். டாட்டிஃப் என்ற வேற்றுமைப் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது நம் நான்காம் வேற்றுமை. டூ, ஸீ வித்தியாசமும் நீ, நீங்கள் பேசுகிற நமக்குப் புதிதல்ல.

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. 'மேஜை வாங்கினேன்' என்கிறோம், 'மேஜையை' என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அஃறிணையில் ஐ உருபை விட்டுவிடுகிற பழக்கம் அது. அதே பழக்கத்தில் 'இஹ் கவுஃபெ ஐன் டிஷ்' என்று வாயில் வரும். 'ஐனென் டிஷ்' என்பதுதான் சரி. ஒருமையில் ஆண்பால் சொல்லுக்கு மட்டும் இந்த மாற்றம்: ஆண்பாலுக்கு வரும் டேர் என்பது டென் ஆகும், ஐன் என்பது ஐனென் ஆகும். டீ, டாஸ் இரண்டும் அப்படியே இருக்கும்.

பால்தான் பெரிய சிக்கல். நமக்குப் பொருளைப் பார்த்தால் திணை தெரிந்துவிடும். ஜெர்மனில் மேஜை ஆண்பால் (டேர்), விளக்கு பெண்பால் (டீ), சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' அஃறிணை போன்ற மூன்றாவது பால் (டாஸ்). காரணம் தேடினால் பொழுதுதான் போகும். ஒரு சொல்லைத் தனியாக எழுதவே எழுதாதீர்கள். விசிட்டிங் கார்டு அளவில் அட்டை வெட்டி, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் 'டேர் டிஷ், டீ டிஷெ' என்று ஒருமையும் பன்மையும் சேர்த்து எழுதுங்கள் (பன்மைக்கு எந்தப் பாலானாலும் டீதான்). டேர் நீல மை, டீ சிவப்பு, டாஸ் பச்சை. சில ஈறுகள் உதவும்: உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என்று முடிந்தால் டீ, ஷென் என்று முடிந்தால் டாஸ். கிழமை, மாதம், பருவம் எல்லாம் டேர். எ என்று முடிவதில் பெரும்பகுதி டீ. ஆனால் 'டேர் நாமெ' போல விலக்குகள் உண்டு.

ஏ1 நிலைக்கு, ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே இன்ஸ்டிடியூட் வெளியிட்டுள்ள சொற்பட்டியலில் ஏறத்தாழ 650 சொற்கள். இணையத்தில் இலவசம். தினம் எட்டு சொல் என்றால் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும்.

உங்கள் ஆப் சோறு போடாததற்குக் காரணம் எளிது. அது நான்கு விடை காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. வாக்கியத்தை நீங்களே கட்டும்படி கேட்பதில்லை. அதை ரயிலில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு மணி நேரம் கிடைத்தால் இருபது நிமிடம் கேட்டுத் திருப்பிச் சொல்ல, பதினைந்து நிமிடம் அட்டைக்கு, மீதி நேரம் அன்று படித்ததை வைத்துச் சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுதி உரக்கச் சொல்ல. பாடத்துக்கு டாய்ச்ச வெல்லெ ஒளிபரப்பு நிறுவனத்தின் 'நிகோஸ் வேக்' போதும். ஏ1 முதல் அதற்கு இரண்டு படி மேலான பி1 வரை இலவச வீடியோ. இரண்டு நாளைக்கு ஒரு பாடம். அதற்கு மேல் ஓடாதீர்கள்.

உச்சரிப்பை முதல் வாரத்திலேயே சரிசெய்துவிடுங்கள், பிறகு மாற்றுவது கஷ்டம். 'பஸ்ஸு' என்று உகரம் சேர்க்கும் நாக்கு, 'கூட்' என்பதை 'கூட்டு' ஆக்கிவிடும். மெய்யெழுத்தோடு நிறுத்துங்கள். மேலே இரண்டு புள்ளி வைத்த யு-வுக்கு, ஈ என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ஊ போலக் குவியுங்கள். 'இஹ்' என்பதன் கடைசி ஒலிக்கும் ஈ சொல்லும் நிலையிலேயே நாக்கை வைத்துக் காற்றை மட்டும் விடுங்கள். 'இக்' என்று அழுத்தினால் தவறு. குறில், நெடில் நமக்குப் பழக்கம் என்பதால் 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு என்ற வேறுபாடு சுலபமாகப் பிடிபடும்.

எண்களுக்குத் தனிப் பயிற்சி தேவை. 21 என்பது 'ஐன் உண்ட் ட்ஸ்வான்ட்ஸிஷ்', அதாவது ஒன்றும் இருபதும். கேட்டு எழுதும்போது 12 என்றோ 1, 20 என்றோ கை போய்விடும். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது 21ஜி, 29சி என்று வருகிற பஸ் எண்களையெல்லாம் ஜெர்மனில் சொல்லிப் பாருங்கள். உங்கள் பெயரை எழுத்துக்கூட்டவும் பழகுங்கள்: டே, ஏ, ஃபௌ, ஈ. ஆங்கில ஈ இங்கே ஏ, ஆங்கில ஐ இங்கே ஈ. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்பார்கள்.

கோத்தே ஏ1 தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல் சேர்ந்து 65 நிமிடம், பேசுதல் சுமார் 15 நிமிடம். நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. அவர்கள் வகுப்பில் சேராதவர்களும் எழுதலாம்; கோத்தே இன்ஸ்டிடியூட்டின் சென்னைக் கிளையான, நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவனில் தேதி கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரித் தாள்கள் ஒலிப்பதிவோடு அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். ஏ1 வரை வர 45 நிமிட வகுப்பு 80 முதல் 200 வரை ஆகும் என்பது அவர்கள் கணக்கு. வீட்டில் தனியாகப் படிப்பவர் ஆறேழு மாதம் வைத்துக்கொள்வது நியாயம்.

தனியாகப் படிப்பதில் ஒரு குறை உண்டு, எழுதுவதைத் திருத்த ஆள் இல்லை. தேர்வில் மூன்று குறிப்புகளை வைத்து 30 சொல்லில் ஒரு சிறு கடிதம் எழுதச் சொல்வார்கள். மூன்றாவது மாதத்திலிருந்து வாரம் ஒரு கடிதம் எழுதி, பி1 முடித்த யாரிடமாவது காட்டித் திருத்தி வாங்குங்கள். அவர் சிவப்பு மையில் சுழித்துத் தந்ததை மறுநாள் பார்க்காமல் திரும்ப எழுதுங்கள்.