ஐடி இல்லாவிட்டால் வயதும் இல்லையா?

இந்த முறை ஒரே விஷயத்தைப் பற்றி நிறையக் கடிதங்கள். இணையத்தில் வயதை நிரூபிக்கச் சொல்கிறார்கள், கையில் அவர்கள் கேட்கும் ஐடி, அதாவது அடையாள அட்டை, இல்லை, என்ன செய்வது? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை.

கேள்வி: எனக்கு 34 வயது. வண்டி ஓட்டத் தெரியாது, அதனால் லைசென்ஸ் இல்லை. வெளிநாடு போனதில்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. இருக்கிற ஒரே அட்டை கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் இருக்கிறது, அதுவும் தேதி முடிந்துவிட்டது. பத்து வருடமாக வைத்திருக்கும் கணக்கு திடீரென்று "உங்கள் வயதை உறுதிப்படுத்துங்கள்" என்று நின்றுவிட்டது. குழந்தைகளின் சின்ன வயசு வீடியோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. பழைய அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன், ஏற்கவில்லை. இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு 18 வயது ஆகிவிட்டது என்று இதற்கு மேல் எப்படிம்மா சொல்வது?

பதில்: கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, உங்களுக்காக. பாஸ்போர்ட் இல்லாதது ஒரு குற்றம் மாதிரி உங்களை உணர வைத்திருக்கிறார்கள். அது குற்றம் இல்லை. அரசு தரும் எந்த அடையாளச் சான்றும் இல்லாதவர்கள் உலகத்தில் சுமார் 80 முதல் 85 கோடிப் பேர் என்று உலக வங்கியே கணக்குச் சொல்கிறது. ஏதோ ஒரு அட்டை இருந்தும் அந்தத் தளம் கேட்கிற அட்டை இல்லாத உங்களைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

திடீரென்று ஏன் கேட்கிறார்கள் என்றால், சட்டம் மாறியிருக்கிறது. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல், ஆபாசம் போன்ற சிறுவர்கள் பார்க்கக் கூடாத விஷயங்கள் உள்ள தளங்கள் வயதை உறுதியாகச் சரிபார்க்க வேண்டும், "எனக்கு 18 முடிந்துவிட்டது" என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் அங்கே செல்லாது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது, மீறினால் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே ஆஸ்திரேலியச் சட்டம், அரசு ஐடியை மட்டுமே ஒரே வழியாக வைக்கக் கூடாது, வேறு வழியும் தர வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொல்கிறது. பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் ஏற்றுக்கொள்ளும் முறைகளிலும் ஐடி படம் பல வழிகளில் ஒன்றுதான்.

அந்தத் தளத்துக்கு உங்களைப் பற்றித் தெரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம்: வயது வரம்பைத் தாண்டிவிட்டீர்களா, இல்லையா. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். உங்கள் பெயர், விலாசம், அட்டை எண் எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஐடி அப்லோட் பட்டன் பெரிதாக இருக்கும், அதற்குக் கீழே "வேறு முறை" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கலாம், பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். கிரெடிட் கார்டு அங்கே இருக்கலாம். 18 ஆகாதவருக்குக் கிரெடிட் கார்டு தராத நாடுகளில் கார்டு இருப்பதே சாட்சி. டெபிட் கார்டு சிறுவர்களுக்கும் கிடைக்கும் என்பதால் அதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, அது உங்கள் தப்பு இல்லை, மறுபடி மறுபடி முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். சில இடங்களில் உங்கள் செல்போன் நிறுவனமோ வங்கியோ "இவர் பெரியவர்" என்று மட்டும் சொல்லும் வசதி இருக்கிறது. ரொம்ப நாளாக ஒரே மின்னஞ்சல் வைத்திருக்கிறீர்களா? அந்த முகவரி வேறு எந்தெந்தச் சேவைகளில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து வயதைக் கணிக்கிற முறையும் உண்டு. அப்புறம் செல்ஃபி. அதைப் பற்றித் தனியாகவே ஒருவர் கேட்டிருக்கிறார், கீழே சொல்கிறேன்.

எதுவுமே நடக்கவில்லை என்றால் அப்பீல். இதில் ஒரு விஷயம் முக்கியம், முதலில் உங்கள் அட்டையைப் பார்த்தது அநேகமாக ஒரு மென்பொருள். பெயர் பொருந்தவில்லை, தேதி முடிந்துவிட்டது, ரத்து. அட்டை காலாவதியாகலாம், பிறந்த தேதி காலாவதியாகுமா? இதை ஒரு மனிதரிடம்தான் சொல்ல முடியும். அதனால் சுருக்கமாக, சண்டை போடாமல், இப்படி எழுதுங்கள்: "எனக்கு 34 வயது. என்னிடம் இருக்கும் அட்டை திருமணத்துக்கு முந்தைய பெயரில் உள்ளது, காலாவதியாகிவிட்டது. பெயர் மாறியதற்குத் திருமணச் சான்றிதழ் இருக்கிறது. அட்டையில் உள்ள பிறந்த தேதி மாறவில்லை. இதை மென்பொருளிடம் விடாமல் ஒரு ஊழியர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அரசு ஐடி தவிர வேறு என்ன ஏற்பீர்கள் என்பதையும் தெரிவியுங்கள்." நான்கைந்து வரிதான். அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அவர்கள் ஏதாவது கெடு சொல்லியிருந்தால் அதைத்தான் முதலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், சில தளங்கள் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் இல்லை என்றால் கணக்கையே அழித்துவிடும். லாகின் பண்ண முடிகிறது என்றால் இன்றைக்கே "உங்கள் தரவைப் பதிவிறக்குங்கள்" என்ற வசதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கணக்குப் போனாலும் போகட்டும், பிள்ளைகளின் வீடியோ போகக் கூடாது.

கேள்வி: எனக்கு 22 வயது. செல்ஃபி எடுத்து வயதைச் சரிபார்க்கும் முறையில் மூன்று முறை தோற்றுவிட்டேன். மீசை சரியாக வளரவில்லை, நண்பர்கள் வேறு கிண்டல் செய்கிறார்கள். மெஷினுக்கு என் முகம் பிடிக்கவில்லையா?

பதில்: தம்பி, உங்கள் முகத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த மென்பொருள் நீங்கள் யார் என்று பார்ப்பதில்லை, முகத்தை வைத்து வயதை ஊகிக்கிறது. ஊகம் என்பதால் பிசகும். அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024-ல் இப்படிப்பட்ட ஆறு மென்பொருள்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கையில், விசா விண்ணப்பத்துக்கு எடுத்த முகப் படங்களை வைத்துப் பார்த்தால் சிறப்பான மென்பொருளுக்கே சராசரியாகச் சுமார் 3 வருடம் முன்னே பின்னே போகிறது. பெண்களின் முகத்தில் பிழை அநேகமாக எப்போதும் கூடுதல் என்றும் அதில் இருக்கிறது.

பிழை வரும் என்று தெரிந்துதான் பல தளங்கள் 18-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாக, 25 மாதிரி ஒரு வயதுக்கு மேல் தெரிகிறதா என்று பார்க்கின்றன. ஒரு 16 வயதுப் பையன் தப்பித் தவறிக்கூட உள்ளே வரக் கூடாது என்பதற்காக வைத்த இடைவெளி அது. அந்த இடைவெளிக்குள் சிக்குகிறவர்கள் யார்? 18 முதல் 24 வரை உள்ள, சட்டப்படி முழுப் பெரியவர்களான உங்களைப் போன்றவர்கள். இன்னும் லைசென்ஸோ கிரெடிட் கார்டோ வாங்காதவர்களும் இந்த வயதில்தான் அதிகம் இருப்பார்கள். முகம் வேண்டாம், ஐடி கொண்டு வா என்றால் எங்கே போவது? இந்த முறையில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற இடம் இதுதான்.

இன்னொரு முறை முயற்சி செய்வதாக இருந்தால் பகலில் ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், வெளிச்சம் முகத்தின் மேல் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. கேமராக் கண்ணாடியைத் துணியால் துடையுங்கள். தொப்பி, மூக்குக் கண்ணாடி, அழகுபடுத்தும் ஃபில்டர் மூன்றும் வேண்டாம், ஃபில்டர் சருமத்தை வழவழப்பாக்கி வயதைக் குறைத்துக் காட்டும். போனைக் கண் மட்டத்தில் பிடியுங்கள். திரையில் அந்த முட்டை வடிவக் கோடு வந்து "மெதுவாகத் திரும்பவும்" என்று சொல்லும்போது அவசரப்படாதீர்கள், நேரில் இருப்பது ஆளா படமா என்று பார்க்கத்தான் அது. ஆனால் முயற்சிக்கு எண்ணிக்கை வரம்பு இருக்கலாம், கடைசி வாய்ப்பையும் செல்ஃபியில் கரைக்காமல் வேறு வழிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: அண்ணனின் லைசென்ஸை அனுப்பிவிடலாமா? அவர் சரி என்கிறார்.

பதில்: வேண்டாம். உங்களுக்கு 18 முடிந்திருந்தாலும் வேண்டாம். அடுத்தவர் ஐடியைக் காட்டுவது பல நாடுகளில் ஆள்மாறாட்டம். பிடிபட்டால் கணக்கு நிரந்தரமாகப் போகும், அதற்கப்புறம் உண்மையான ஆவணத்தோடு வந்தாலும் நம்ப மாட்டார்கள், அண்ணனும் சேர்ந்து மாட்டுவார். காசு வாங்கிக்கொண்டு ஐடி படம் செய்து தருகிறவர்கள் பக்கமும் போகாதீர்கள், உங்கள் முகமும் பிறந்த தேதியும் அவர்கள் கையில் தங்கிவிடும்.

கேள்வி: என்னிடம் ஐடி இருக்கிறது, அனுப்பத்தான் பயம். அது எங்கே போகிறது? பயப்படுவது அதிகமா?

பதில்: அதிகம் இல்லை, சரியான பயம். 2025 அக்டோபரில் டிஸ்கார்டு என்ற அரட்டைத் தளத்தின் நிறுவனம் தானே ஒரு செய்தியை வெளியிட்டது. அதன் வாடிக்கையாளர் சேவையைக் கவனிக்கும் வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகத் தகவல் திருடு போய், சுமார் 70,000 பேரின் அரசு ஐடி படங்கள் வெளியே போயிருக்கலாம் என்றது. அந்தப் படங்கள் எதற்காக அங்கே இருந்தன தெரியுமா? வயது தொடர்பான அப்பீலைப் பரிசீலிப்பதற்காக. மெஷின் தப்பாகச் சொல்கிறது, நான் பெரியவன்தான் என்று காட்ட அட்டையைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் அதில் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

அதனால் ஐடி கடைசி வழியாக இருக்கட்டும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், சரிபார்ப்பது அந்தத் தளமா, வேறு நிறுவனமா, படத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை முதலில் படியுங்கள். பிறந்த தேதியும் படமும் போதும் என்று சொல்லியிருந்தால் அட்டை எண்ணையும் விலாசத்தையும் மறைத்து அனுப்புங்கள். "வயது சரிபார்ப்புக்கு மட்டும்" என்று தேதியோடு படத்தின் மேல் எழுதுவதும் நல்ல பழக்கம். சில மென்பொருள்கள் இப்படி மறைத்த படத்தை ஏற்காது, அப்போது முழுப் படத்தைத் தருவதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கு உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடச் சொல்லி எழுதிக் கேளுங்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் அப்படிக் கேட்பது சட்டம் தந்த உரிமை.

மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ "வயதை நிரூபிக்காவிட்டால் கணக்கு முடங்கும்" என்று லிங்க் வந்தால் அதைத் தொடவே கூடாது. ஆப்பைத் திறந்து அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள், உண்மை என்றால் அங்கேயும் இருக்கும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் யாருக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அப்பா அகதியாக வந்தவர், பதிவு செய்யும்போது ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். இரண்டு ஆவணத்தில் இரண்டு வெவ்வேறு பிறந்த வருடம். எதைக் கொடுத்தாலும் பொருந்தவில்லை என்கிறது.

பதில்: ஐயாவுக்கு நடந்தது நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது. பிறந்த நாள் தெரியாதவருக்கு எழுதுகிற அலுவலர் ஜனவரி 1 என்று போட்டுவிடுவது பல நாடுகளில் வழக்கம். இன்றைக்கும் 5 வயதுக்குக் கீழே உள்ள சுமார் 15 கோடிக் குழந்தைகள் பதிவே ஆகவில்லை என்று யுனிசெஃப் 2024-ல் சொன்னது, அவர்களும் நாளைக்கு இதே திரையின் முன்னால் வந்து நிற்பார்கள்.

அப்பாவின் விஷயத்தில் ஒன்று சாதகம். எந்த வருடத்தை எடுத்தாலும் அவர் 18-ஐ எப்போதோ தாண்டியவர். அதனால் அவருக்குச் செல்ஃபி முறைதான் சுலபம், 60 வயது முகத்தை 25-க்குக் கீழே என்று எந்த மென்பொருளும் சொல்வது அபூர்வம். ஆவணம்தான் வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள், கணக்கில் போட்டிருக்கும் தேதியும் அதோடு ஒத்துப்போக வேண்டும். பிரிட்டன் அரசின் அடையாளச் சரிபார்ப்பு வழிகாட்டுதல், ஆவணம் இல்லாதவருக்காக அவரை நன்கு தெரிந்த பொறுப்பான ஒருவர் உறுதி சொல்வதைச் சாட்சியாக ஏற்க இடம் தருகிறது. இணையத் தளங்களுக்கும் இது வர வேண்டும் என்பது என் ஆசை. ஒரு டாக்டரோ ஆசிரியரோ "இவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும்" என்று சொன்னால் அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கேள்வி: எனக்குக் கண் பார்வை இல்லை. முகத்தை வட்டத்துக்குள் வை என்கிறது, வட்டம் எங்கே என்று போன் வாசித்துச் சொல்வதில்லை. நேரம் முடிந்து வெளியே தள்ளிவிடுகிறது. பக்கத்து ஆளைக் கூப்பிட்டுத்தான் செய்ய வேண்டுமா?

பதில்: இன்றைக்கு வேலை நடக்க வேண்டும் என்றால் நம்பிக்கையான ஒருவர் போனைப் பிடிக்கட்டும், முகம் உங்களுடையதாக இருந்தால் போதும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொடர்பு முகவரி தனியாக இருக்கிறதா என்று தேடி, ஸ்க்ரீன் ரீடரில் (திரையை வாசித்துச் சொல்லும் வசதி) எந்த இடத்தில் குரல் நின்றது, எத்தனை நொடியில் வெளியே தள்ளியது என்று அப்படியே எழுதுங்கள். முகம் தேவைப்படாத வழி ஒன்று, கார்டோ செல்போன் நிறுவனமோ, வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமையைப் பார்க்கும் அமைப்புக்கு அந்தக் கடிதத்தின் நகலோடு புகார் கொடுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். என்ன பதில் வந்தது என்பதை இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.