முழங்கால் மோசமாகிவிட்டது, பிப்புக்குச் சொல்வதா?

தம்பி, மூட்டுவாதத்துக்காகப் பிப் (PIP, நீண்டகால நோயாலோ உடற்குறையாலோ அன்றாடம் கஷ்டப்படுவோருக்குப் பிரித்தானிய அரசு கொடுக்கும் உதவித்தொகை) காசு எடுக்கிறீர்கள், இப்போது கால் இன்னும் மோசம், அதைச் சொல்லப்போனால் உள்ளதும் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லத்தான் வேண்டும். இங்கே பிரித்தானியாவில் வருத்தம் கூடினாலும் குறைந்தாலும் அறிவிப்பது கட்டாயம். ஆனால் பிப் அலுவலகத்துக்குப் போன் எடுக்க முதல் கொஞ்சம் பொறுங்கள்.

காலைப் பற்றிச் சொன்னால் காலை மட்டும் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். முழுவதையும் மறுபடி பார்க்கலாம். காசு கூடலாம், அப்படியே நிற்கலாம், குறையவும் செய்யலாம். அதனால் முதலில் பழைய முடிவுக் கடிதத்தைத் தேடி எடுங்கள். அன்றாட வேலைகள், நடமாட்டம் என்று இரண்டு பகுதி இருக்கும்; உங்கள் கஷ்டத்துக்கு ஏற்ப இரண்டிலும் புள்ளி போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் 8 புள்ளிக்குச் சாதாரண தொகை, 12க்குக் கூடிய தொகை. நடமாட்டத்தில் உங்களுக்கு 10 போட்டிருந்து, இப்போது 20 மீட்டருக்கு மேல் நடக்க முடியவில்லை என்றால் அதற்கு மட்டுமே 12 வரும். ஏற்கெனவே 12 இருந்தால் அந்தப் பகுதியில் மேலே ஏற இடமில்லை. தொகை கூட வேண்டுமானால், மோசமாகி மூன்று மாதம் ஆகியிருக்கவும் வேண்டும், இன்னும் ஒன்பது மாதத்துக்காவது அப்படியே இருக்கும் என்று தெரியவும் வேண்டும்.

அப்புறம், நம் ஆட்களின் பெரிய வியாதி "பரவாயில்லை". பிப்புக்காக மதிப்பீடு செய்பவர்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டால்கூட வாயில் அதுதான் வரும். அங்கே அது உதவாது. நோயின் பெயரும் எக்ஸ்ரேயும் அவர்களுக்கு இரண்டாம் பட்சம்; குளிக்க, சமைக்க, நடக்க என்ன பாடு என்பதுதான் கேள்வி. ஒருமுறை படியேறி, பிறகு நாள் முழுக்கப் படுத்திருந்தால் அதை "ஏற முடியும்" என்று சொல்லாதீர்கள். ஒரு செயலைப் பத்திரமாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்பதே கணக்கு. அதுவும் பாதிக்கு மேற்பட்ட நாட்களில். இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைகளை நடுவில் விடாதீர்கள். அப்பாவின் கஷ்டத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அதுகள் பாதியை விழுங்கிவிடும்.

நான் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு விஷயத்தில். முதுகு ஆபரேஷனுக்கு ஐந்து கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். 28 நாளைத் தாண்டினால் பிப் நிற்கும் என்று எனக்குத் தெரியாது, அறிவிக்கவும் இல்லை. கூட வந்த காசை மாதாமாதம் கழித்துத்தான் தீர்த்தார்கள். நான்கு கிழமைக்கு மேல் வெளிநாடு போவதானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடிவு பிழை என்று பட்டால், கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம் இருக்கிறது. போனில் பேசிய நாள், நேரம், பேசியவரின் பெயர் மூன்றையும் அதே கொப்பியில் குறித்து வையுங்கள்.