பசுமைப் பள்ளி விருதுகளால் உண்மையில் பயன் உண்டா?

‘எங்கள் பள்ளியையும் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். சுவரில் மாட்டும் சான்றிதழைத் தவிர இதில் என்ன கிடைக்கும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையக் கிடைக்கும், பள்ளியில் தண்ணீரும் மின்சாரமும் எவ்வளவு செலவாகின்றன, குப்பை எவ்வளவு சேர்கிறது என்று அளந்து பார்க்கும் தணிக்கையை மாணவர்களே செய்தால்.

நான் ஆசிரியர், பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். முதல் முறை விண்ணப்பித்தபோது மரக்கன்று நட்ட படங்கள், பேரணிப் படங்கள் என்று கோப்பை நிரப்பி வைத்திருந்தோம். வந்த மதிப்பீட்டாளர் அதை மூடி வைத்துவிட்டு, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், “மின் மீட்டர் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. எங்களுக்கு விருது கிடைக்கவில்லை. அது நியாயமான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

பள்ளிகளுக்கான பன்னாட்டுச் சுற்றுச்சூழல் திட்டமான ஈக்கோ ஸ்கூல்ஸைப் பாருங்கள். ரியோ புவி உச்சி மாநாட்டுக்குப் பின், 1994-இல் டென்மார்க், ஜெர்மனி, கிரீஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளில் தொடங்கியது. அதில் ஏழு படிகள் உண்டு. முதலில் மாணவர்களைக் கொண்ட குழு, அடுத்து பள்ளியின் நிலையை ஆராய்வது, அதன் பிறகுதான் செயல்திட்டம். விருதாகத் தரும் பச்சைக் கொடி கடைசியில் வருவது. அமெரிக்கக் கல்வித் துறை 2012 முதல் பசுமைப் பள்ளிகளுக்கு வழங்கிவந்த கிரீன் ரிப்பன் விருதிலும் பணப்பரிசே இருந்ததில்லை.

மறு ஆண்டு நாங்கள் அளப்பதில் தொடங்கினோம். சொட்டிக்கொண்டிருந்த குழாயின் கீழ் ஆய்வகத்து அளவு ஜாடியை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். பத்து நிமிடத்தில் 150 மில்லிலிட்டர். ஒரு நாளுக்கு எவ்வளவு என்று தரையிலேயே சாக்கட்டியால் பெருக்கிப் பார்த்தார்கள்: 21.6 லிட்டர்! “நாம் வீட்டுக்குப் போன பிறகும் சொட்டுமா?” என்று ஒரு பையன் கேட்டான். விடுமுறை நாட்களையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டார்கள். வாஷர் மாற்றக் கோரும் கடிதத்தை அன்றே தலைமை ஆசிரியரிடம் கொடுத்தார்கள்.

ஆகவே படிவத்தை வாங்கியதும் ஒன்றை மட்டும் பாருங்கள்: தண்ணீர், மின்சாரம், குப்பை ஆகியவற்றின் அளவைத் தொடக்கத்திலும் ஓராண்டு கழித்தும் கேட்கிறார்களா? படங்களை மட்டும் கேட்கும் விருதென்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, குழுவில் துப்புரவுப் பணியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாயை எங்களுக்குக் காட்டியவர் எங்கள் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அம்மாதான். அது சொட்டுகிறது என்று அதற்கு முன்பே இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.