'நோட்டிஸ்' என்றால் வக்கீல் நோட்டிஸ்தானா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "மொத்த வியாபார நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் மூன்றாண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். மார்ச் 3ஆம் தேதி, வேலையிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தேன். நான் ஒரு மாத 'நோட்டிஸ்' 'சர்வ்' செய்யவேண்டும் என்றும், 'பாலன்ஸ் லீவ்' 6 நாளை 'கிளியர்' செய்யலாம் அல்லது 'ஆஃப்செட்' செய்யலாம் என்றும் பதில் வந்தது. கைப்பேசிச் செயலியில் போட்டுப் பார்த்தால் 'அறிவிப்பைப் பரிமாறவும்' என்கிறது. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் கடிதம் படித்துச் சொல்லும் ஒருவர், இது வக்கீல் நோட்டிஸ், பதில் போடாவிட்டால் வழக்கு வரும் என்று சொல்லி 180 வெள்ளி கேட்கிறார். 50 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?"

உங்கள்மீது எந்த வழக்கும் இல்லை, சகோதரி. மீதி 130 வெள்ளியைக் கொடுக்கவேண்டாம். நீங்கள் வேலையை விட்டு விலகுவதை நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டுச் செல்லுங்கள் என்று கேட்கிறது. கடிதத்தில் இருப்பது அவ்வளவே. ஆனால் அதில் உள்ள இரண்டு சொற்களுக்கு இடையே உங்கள் சம்பளத்தில் 6 நாள் பணம் கிடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இந்தக் குழப்பம் உங்கள் ஆங்கிலம் போதாததால் வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கடிதத்தில் 'இண்டெம்னிட்டி' என்று ஒரு சொல் இருந்திருந்தால், தெரியாத சொல் என்று உணர்ந்து நீங்களே நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருப்பீர்கள். 'நோட்டிஸ்' என்பதை நாம் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அந்தச் சொல் நம் வீட்டுத் தமிழிலேயே குடியேறிவிட்டது. கோயில் திருவிழாவுக்கு நோட்டிஸ் அடிக்கிறோம், கடைத் திறப்புக்கு நோட்டிஸ் கொடுக்கிறோம், சொத்துத் தகராறு முற்றினால் வக்கீல் நோட்டிஸ் வருகிறது. ஆங்கிலத்திலோ அந்தச் சொல்லுக்கு ஒன்றைக் கண்ணால் கவனிப்பது, சுவரில் ஒட்டும் அறிவிப்பு, ஒன்றைச் செய்யப்போவதாக முன்கூட்டியே தெரிவிப்பது, அப்படித் தெரிவித்த நாளுக்கும் பிரியும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் என்று பல பொருள்கள் உண்டு. உங்கள் கடிதத்தில் இருப்பது கடைசிப் பொருள். தமிழுக்கு வந்து சேர்ந்தது ஒன்றிரண்டு பொருள்தான்; எஞ்சியவை வழியிலேயே நின்றுவிட்டன. அதனால்தான் நாம் கடன் வாங்கிப் புழங்கும் சொற்களையே ஆவணங்களில் அதிகம் சந்தேகிக்கவேண்டும் என்று என்னிடம் கடிதம் கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன்.

எளிய சொல்லுக்குத்தான் பொருள் அதிகம். ஆக்ஸ்ஃபர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல் ஒன்றுக்கே ஏறத்தாழ 430 பொருள்கள் கொடுக்கப்பட்டிருந்தன. பிற்காலத் திருத்தத்தில் 'ரன்' என்ற வினை 645 பொருள்களோடு அதையும் முந்தியது. ஒரு சொல் எவ்வளவு அதிகம் புழங்குகிறதோ அவ்வளவு அதிகமாகப் பொருள் கிளைக்கும் என்பதை ஜார்ஜ் ஸிஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1945இல் கணக்கிட்டே காட்டினார். நம் 'போடு' அப்படித்தானே! சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், தேநீர் போடுகிறோம், சண்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். எந்தத் தமிழ்க் குழந்தையும் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை.

ஏன் குழப்பிக்கொள்வதில்லை என்பதற்குத் தொல்காப்பியமே விடை சொல்லியிருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்பது அதன் சொல்லதிகாரத்தில் உள்ள விதி. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்துக் காட்டினார்கள். 'மா பூத்தது' என்றால், பூப்பது மரம்தான் ஆகையால் வினையே பொருளைச் சொல்லிவிடுகிறது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றால் பக்கத்தில் நிற்கும் மருதமரம் சொல்லிவிடுகிறது. கவசம் அணிந்து நிற்பவன் 'மா கொண்டு வா' என்றால் அவன் கேட்பது குதிரை; சொல்பவனும் சூழலும் பொருளைத் தருகின்றன. ஆங்கிலக் கடிதம் படிப்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

இதே விதியை 'சர்வ்' மீது வைத்துப் பாருங்கள். அடிமை என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழியில் வந்த சொல் அது. உணவுக்குப் பக்கத்தில் நின்றால் பரிமாறுவது, பந்துக்குப் பக்கத்தில் நின்றால் ஆட்டத்தைத் தொடங்கி அடிப்பது, சிறைக்குப் பக்கத்தில் நின்றால் தண்டனைக் காலத்தைக் கழிப்பது. நம் பிள்ளைகள் தேசிய சேவைக்குப் போகும்போதும் இதே சொல்லைத்தான் சொல்கிறோம். அங்கே குறித்த காலத்தை முழுமையாகப் பணியில் இருந்து முடிப்பது என்று பொருள். உங்கள் கடிதத்தில் அதற்குப் பக்கத்தில் நிற்பது 'நோட்டிஸ்', எழுதியவர் மனிதவள அதிகாரி. ஆகவே முன்னறிவிப்புக் காலம் முடியும்வரை வேலைக்கு வரவேண்டும் என்பதே பொருள். செயலி பக்கத்தையும் பார்க்கவில்லை, எழுதியவரையும் பார்க்கவில்லை. அதனால் பரிமாறச் சொல்லிவிட்டது.

'செய்யலாம்' என்று நீங்கள் எழுதியிருப்பது ஆங்கிலத்தில் 'மே' என்ற சொல்லாக இருக்கும். நம் 'லாம்' போலவே அதுவும் இருபொருள் தருவது: 'நீ போகலாம்' என்பது அனுமதி, 'மழை வரலாம்' என்பது வாய்ப்பு. உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது அனுமதி.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இதை இரண்டு முறை படியுங்கள். 'கிளியர்' என்ற சொல்லை உணவங்காடியில் தட்டை அகற்றுவதற்கும், வங்கியில் காசோலைப் பணம் கைக்கு வருவதற்கும் சொல்கிறோம். விடுப்புக்குப் பக்கத்தில் வந்தால், மிச்சமிருக்கும் விடுப்பை எடுத்துத் தீர்ப்பது என்று பொருள். 'ஆஃப்செட்' என்றால் நமக்கு அச்சகம்தான் நினைவுக்கு வரும். இங்கே ஒன்றை இன்னொன்றுக்கு ஈடாகக் கழிப்பது என்று பொருள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஏனென்றால் இரண்டிலும் நீங்கள் அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டில் இருப்பீர்கள். ஆனால் விளைவு வேறு. முன்னறிவிப்புக் கொடுத்த நாளும் கணக்கில் சேரும் என்பது வேலை நியமனச் சட்டம். ஆகவே மார்ச் 3ஆம் தேதி கொடுத்த ஒரு மாத முன்னறிவிப்பு ஏப்ரல் 2ஆம் தேதி முடிகிறது. கடைசி 6 வேலை நாள்களை 'கிளியர்' செய்தால், வீட்டில் இருந்தாலும் ஏப்ரல் 2 வரை நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். அதுவரை சம்பளம் உண்டு. அதற்கு முன் அவர்கள் சம்மதமின்றி வேறு இடத்தில் சேர முடியாது. 'ஆஃப்செட்' செய்தால் அந்த 6 நாள்கள் முன்னறிவிப்புக் காலத்திலிருந்து கழிக்கப்பட்டு, கடைசி நாளே முன்னதாக வந்துவிடும். சம்பளம் அந்த நாளோடு நிற்கும். மறுநாளே புதிய வேலையில் சேரலாம். புதிய முதலாளி மார்ச் மாதக் கடைசியிலேயே வரச் சொல்கிறார் என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். 6 நாள் சம்பளத்தை விடவேண்டிய அவசியம் இல்லை. எதுவும் சொல்லாமல் வேலைக்குப் போவதை நிறுத்திவிட மட்டும் கூடாது, ஏனெனில் விடுபட்ட நாள்களுக்கான சம்பளத்தை நிறுவனம் உங்களிடமே கேட்கும். முறையாகக் காலத்தை முடித்தால் இறுதிச் சம்பளம் கடைசி நாளன்றே கைக்கு வரவேண்டும்.

கடிதம் படித்துச் சொல்வதாகக் காசு வாங்குவோரைப் பற்றி நான் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். இவர்கள் முழுப் பொய் சொல்வது அரிது. 'நோட்டிஸ்' என்பதற்கு வக்கீல் நோட்டிஸ் என்ற பொருள் இருக்கத்தான் செய்கிறது. அகராதியைத் திறந்து காட்டவும் முடியும். அவர்கள் செய்வது, வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கி, அதன் பல பொருள்களில் மிகவும் அச்சமூட்டுவதை எடுத்து உங்கள்முன் வைப்பது. சில ஆண்டுகளுக்கு முன் முதியவர் ஒருவர் தம் வாடகை ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்தார். 'எக்ஸிகியூட்' என்ற சொல்லைச் சுற்றி யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். மரண தண்டனையை நிறைவேற்றுவதற்கும், நீதிமன்ற ஆணைப்படி வீட்டுப் பொருள்களைக் கைப்பற்றுவதற்கும் அந்தச் சொல் வரும் என்பது உண்மை. அதைச் சொல்லியே, அவருடைய தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துப்போக ஆள் வரும் என்று பயமுறுத்தி 220 வெள்ளி வாங்கியிருந்தார்கள். வட்டத்துக்கு வெளியே இருந்த வாக்கியத்தை நான் படித்தேன்: இணைத்துள்ள பிரதியில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும். ஆவணத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொல் நின்றால் கையெழுத்திடுவது என்றுதான் பொருள். பெரியவர் தம் பேனாவை எடுத்து என் மேசையிலேயே கையெழுத்துப் போட்டார். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நடுக்கத்துக்குத்தான் 220 வெள்ளி வாங்கினார்கள். யாராவது உங்களுக்கு ஒரு சொல்லை மட்டும் தொட்டுக் காட்டினால், அந்த வாக்கியம் முழுவதையும் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள்.

நிறுவனங்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாடு இது. வெளிநாட்டு ஊழியருக்கு வேலை அனுமதிச் சீட்டுக்கான கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் அவருடைய தாய்மொழியிலேயே கிடைக்க வழி செய்திருக்கிறோம். அதே ஊரில் மூன்றாண்டுகள் கணக்கெழுதிய ஒரு பெண்ணுக்கு, 'உங்கள் கடைசி நாள் ஏப்ரல் 2. அதுவரை சம்பளம் உண்டு' என்று இரண்டே வரியில் எழுத ஓர் அலுவலகத்துக்கு மனம் வரவில்லை. அந்த வரியைத் தமிழில்கூட எழுதவேண்டாம். எளிய ஆங்கிலத்தில் எழுதினாலே போதும். அச்சடித்து வைத்த பழைய கடிதத்தில் பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் சோம்பலை நம்பித்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

நாளைக் காலை நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் மூன்றே கேள்விகள் இருக்கட்டும்: நான் அலுவலகத்துக்கு வரவேண்டிய கடைசி நாள் எது, என் வேலை முடியும் நாள் எது, எந்த நாள்வரை எனக்குச் சம்பளம் கிடைக்கும். மூன்றுக்கும் தேதிகளாகவே பதில் கேளுங்கள். தேதிக்கு இரண்டாவது பொருள் கிடையாது. தேதிகள் பொருந்தாவிட்டால் மனிதவள அமைச்சை நாடலாம், அல்லது உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு இரவில் கடிதத்தைக் காட்டலாம். அங்கே கடிதம் படித்துச் சொல்ல யாரும் காசு வாங்குவதில்லை. சம்பளம் குறைந்தால், வேலையை விட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முறையிடவேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

50 வெள்ளி திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ, கேட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் வேலை ஒப்பந்தத்தின் அசலையோ நிறுவனத்தின் பதில் கடிதத்தையோ அந்த ஆளிடம் விட்டு வைத்திருந்தால், இன்றே, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போய் வாங்கிவிடுங்கள்.